சவரிமுத்துவுக்கு மோட்சம் இல்லை என்று நான் அறிவித்த கதை

மைக் பிடித்துப் பிழைக்க வந்திருக்கும் தம்பிமார்களே, இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும் தங்கச்சிமார்களே, ஒலிபெருக்கிக் குழாயை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது, ஆட்டோவில் எத்தனை பேட்டரி போடுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க உங்கள் போனிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கையில் கொடுத்த காகிதத்தை வாசிக்கலாமா கூடாதா என்பதை மட்டும் எந்தப் போனும் சொல்லாது. அதில் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்கிறேன்.

நான் ஏழாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். பிறந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்பா செத்ததும் பட்டுக்கோட்டையில் தேங்காய் உரித்தேன், லாரியில் கிளீனராக இருந்தேன், பொருட்காட்சியில் மரணக் கிணறு வாசலில் நின்று கூவினேன். பஸ் ஸ்டாண்டில் படுத்தால் கொசு, கோயில் மண்டபத்தில் படுத்தால் வாட்ச்மேன். கொசுவுக்கு வாய் கிடையாது என்பதால் பஸ் ஸ்டாண்டில்தான் படுப்பேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்கித் தஞ்சாவூரில் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்திருந்தபோதுதான் ஒரு மைக் செட்காரர் என் குரலைக் கேட்டுக் கூட்டிப் போனார். வாட்ச்மேனிடம் சண்டை போட்ட குரல் அது.

அவர் பெயர் வேண்டாம். எல்லாக் கட்சிக்கும் அறிவிப்புச் சொல்லி, எல்லாக் கட்சியிலும் திட்டு வாங்கிய மனிதர். ஒருநாள் ஒரு கட்சிக்காரர் காகிதம் கொண்டுவந்தார். எதிரணிக்கு ஓட்டுப் போடுகிறவர்களின் கண்ணை மாரியம்மன் பிடுங்குவாள் என்று அதில் இருந்தது. மைக் செட்காரர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, மேலே வேறொன்று எழுதினார்.

"ஏன் அடிச்சீங்க?"

"மாரியம்மன்கிட்ட கேட்டீங்களா?"

"என்ன கேக்கணும்?"

"பிடுங்குறதுக்குச் சம்மதமான்னு. அவ எழுதிக் கொடுத்தா வாங்கிட்டு வாங்க, நல்லா ஏத்தி வாசிக்கிறேன். இப்போதைக்கு அந்த எதிரணி ஆளு அஞ்சு வருஷமா ஊருப் பக்கம் எட்டிப் பாக்கலைன்னு போட்டிருக்கேன். அது நமக்கே தெரிஞ்ச விஷயம்."

கட்சிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். இவர் என் பக்கம் திரும்பி, "டேய், திட்டறதுக்குக் கூலி வாங்கு. சபிக்கிறதுக்கு வாங்காத. திட்டுனா அவன் திருப்பித் திட்டுவான், அதோட போச்சு. சபிச்சா விவகாரம் மேல போயிடும். அங்க நமக்கு ஆள் கிடையாது" என்றார்.

தலையாட்டினேன். அந்த வயதில் தலை ஆடும், உள்ளே எதுவும் போகாது.

முப்பது வருடம் கழித்து நான் கீழ்வேளூர்ப் பக்கம் சொந்தமாக மைக் செட் வைத்திருந்தேன். சுற்று வட்டாரத்தில் தீமிதி என்றாலும் தேர்பவனி என்றாலும் காதுகுத்து என்றாலும் என் குரல்தான். ஆடு காணாமல் போனாலும் நான்தான், ஆள் போய்ச் சேர்ந்தாலும் நான்தான். 'மைக்கண்ணன்' என்பார்கள். என் சொந்தப் பெயரை ரேஷன் கடைக்காரர் மட்டுமே சொல்வார்.

அப்போது பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் வந்தது. ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. சின்னம்தான் கிடையாதே தவிர யார் எந்தக் கட்சி என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆரோக்கியசாமிக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி. எதிர்த்து நின்றவருக்குச் சீப்பு. அந்த எதிர் வேட்பாளர் வாயில்லாப் பூச்சி. அவருக்காக ஊர் முழுக்க அலைந்து ஓட்டுக் கேட்டவர் சவரிமுத்து. இந்தச் சவரிமுத்து வேறு யாரும் இல்லை, ஆரோக்கியசாமியின் அக்கா ஜெயமேரியின் புருஷன். இரண்டு வீடும் ஒரே பங்குக் கோயில், ஒரே வாய்க்காலில் பாசனம், வேறு வேறு கட்சி.

இரண்டு தரப்புக்கும் நான்தான் குரல். காலையில் பூட்டு சாவி, சாயங்காலம் சீப்பு. இடையில் மதகடியில் ஆட்டோவை நிறுத்தி பேனரை மாற்றுவோம். இதில் யாருக்கும் வருத்தம் இல்லை. நாவிதர் இரண்டு கட்சிக்காரனுக்கும் முடி வெட்டுவதில்லையா?

முதலில் சவரிமுத்து வந்தார். என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"வாய்க்கா தூர்வாரலைன்னு எழுது. கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு எழுது. நல்லா வெளுத்து வாங்கு. ஆனா வீட்டுப் பொம்பளைங்க, புள்ளைங்க, சாமி, இதெல்லாம் இழுக்காத. தேர்தல் முடிஞ்சா கிறிஸ்துமஸ்ஸுக்கு மச்சான் வீட்டுலதான் எனக்குச் சாப்பாடு. ஆட்டுக்கறி. அதக் கெடுத்துடாத."

அதன்படியே எழுதினேன். அடுத்து ஆரோக்கியசாமி வந்தார். அவருக்கு வாய்க்கால் பேச்சு பிடிக்கவில்லை. தூர்வாராமல் விட்டதே அவருடைய ஆட்கள்தான்.

"மைக்கண்ணே, நறுக்குன்னு ஒண்ணு வேணும். ஊரே பேசணும்."

"எதப் பத்தி?"

"அது ஒங்க இஷ்டம். ஒங்க வாய்க்கு நான் சொல்லித் தரணுமா?"

என் வாயைப் புகழ்ந்தால் என் மூளை வேலையை நிறுத்திவிடும். பங்குக் கோயில் வாசலில் மோட்சத்துச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேதுருவின் சுரூபம் நிற்கும். சின்னமோ பூட்டு சாவி. தானாக வந்து விழுந்தது. அரை மணி நேரத்தில் எழுதி, பேண்டு வாத்தியம் சேர்த்துப் பதிவு செய்தேன்:

'மோட்ச வாசலைத் திறப்பது எந்தச் சின்னம்? பூட்டு சாவி! சீப்புக்காரர் சவரிமுத்து அண்ணாச்சியே, ஆண்டவரின் தீர்ப்பு நாள் வருகிறது. உமக்குக் கதவு திறக்காது. வெளியே நின்று தலையைச் சீவிக்கொண்டிரும்!'

வேட்பாளரை விட்டுவிட்டுச் சவரிமுத்து பெயரைப் போட்டதற்கு ஒரே காரணம், அந்தப் பெயர் வாயில் நன்றாக உருண்டது. சாமியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது சட்டப்படி தப்பு என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அதைக் கேட்க வேண்டியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஊரே சிரித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியாரைப் பார்த்தே "உமக்குக் கதவு திறக்காது" என்றார்கள். சவரிமுத்துவும் சிரித்தார். டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"ஏம்ப்பா, மோட்சத்துல எனக்கு எடமில்லைன்னுட்ட. சரி. நெல்லு கொள்முதல் நெலயத்துலயாவது எடம் இருக்கான்னு பாத்துச் சொல்லு. மூணு நாளா மூட்டையோட கெடக்கேன்."

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு வருத்தம் இல்லை என்று முடிவு செய்தேன். சிரிக்கிறவனுக்கு வலிக்காது என்று நினைப்பது நம் தொழிலில் எல்லோரும் செய்யும் தப்பு.

ஜெயமேரி சிரிக்கவில்லை. நேராகத் தம்பி வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். "ஏன்டா, எம்புருசன் நரகத்துக்குப் போவாருன்னு ஒன் வண்டி எங்க வாசல்லயே வந்து சொல்லுது. ஒனக்கு யாருடா சொன்னா?" அதற்கு ஆரோக்கியசாமி, "அரசியல்னா அப்படித்தான்க்கா இருக்கும்" என்றிருக்கிறார். "அப்படின்னா இனிமே எங்க வாசப்படி ஏறாத" என்று சொல்லிவிட்டு ஜெயமேரி வந்துவிட்டார். இதைக் கேள்விப்பட்ட பிறகும் நான் அந்தப் பதிவை நிறுத்தவில்லை. வாடிக்கையாளர் நிறுத்தச் சொல்லவில்லையே என்று இருந்துவிட்டேன்.

ஓட்டுப் பதிவுக்கு நான்கு நாள் இருந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்த சவரிமுத்து, நெஞ்சு வலிக்கிறது என்று மூட்டைமேல் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதுகூட நிரம்பவில்லை.

மறுநாள் காலை அவருடைய பங்காளி ஒருவர் என்னிடம் துக்க அறிவிப்புச் சொல்ல வந்தார். இங்கேதான் என் இரண்டாவது தப்பு. சாவுச் செய்தியை நேரில் போய், மைக்கைக் கையில் பிடித்துத்தான் சொல்ல வேண்டும். அது நம் தொழிலின் முறை. நானோ முப்பது வருடத்தில் சலித்துப் போனவன், வெயில் வேறு. பதிவு செய்து, தேர்தல் பதிவு இருந்த அதே பென்டிரைவில் போட்டு, ஆட்டோ ஓட்டும் பாண்டியனிடம் கொடுத்து அனுப்பினேன். நம் பிளேயரில் ஒரு கோளாறு உண்டு. வண்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால், பாடியதை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவிவிடும். எனக்குத் தெரியும். பாண்டியனிடம் சொல்லவில்லை.

நான் மாலை வாங்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன். பந்தலுக்குள் பெட்டியில் சவரிமுத்து. தலைமாட்டில் ஜெயமேரி. பங்குச் சாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் பக்கம் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும், புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். அது வந்து அவள் மேல் விழுந்த பிறகுதான் பெட்டியை எடுப்பார்கள். ஜெயமேரிக்குப் பிறந்த வீடு என்றால் ஆரோக்கியசாமி ஒருவர்தான். வாசப்படி ஏறாதே என்று சொன்ன இடத்துக்கு அவர் வருவாரா, வந்தால் அக்காள் வாங்குவாளா என்பதுதான் பந்தலில் பேச்சு.

வந்தார். கையில் தாம்பாளம், அதில் வெள்ளைப் புடவை, பின்னால் உறவுக்காரர் பத்துப் பேர். தெருமுனையில் திரும்பிவிட்டார்கள். அதே நேரம் பாண்டியனும் ஊரைச் சுற்றி முடித்துவிட்டு வந்து, பந்தலுக்கு எதிரே வண்டியை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். தாம்பாளம் வருகிறதே, வழி விடலாம் என்று நல்லெண்ணத்தில் மறுபடி வண்டியைக் கிளப்பினான்.

பேண்டு வாத்தியம் முழங்கியது. 'மோட்ச வாசலைத் திறப்பது எந்தச் சின்னம்?'

நான் கையிலிருந்த மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு குழாய், முழுச் சத்தம். நான் ஓடிப் போய்ச் சேருவதற்குள் என் குரல் கடைசி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டது. ஆண்டவரின் தீர்ப்பு நாள், திறக்காத கதவு, எல்லாமே. பெட்டிக்குள் கிடக்கிற மனிதனின் பெயரைச் சொல்லி.

 அப்புறம் நாற்காலிகள் பறந்தன. சீப்புக்காரர்கள் தெருமுனைக்குப் போய் ஆரோக்கியசாமியை மறித்தார்கள்.

"பொணத்துக்கு முன்னாடி இதப் போட வச்சுட்டுக் கோடி கொண்டாறியாடா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது!"

"கோடி கொண்டாந்துட்டான் பாரு கோடி! திரும்பிப் போடா!"

தாம்பாளம் சாய்ந்தது. புடவை மண்ணில் விழப்போனதை யாரோ ஒரு அம்மாள் பிடித்தார். ஒருவன் ஆட்டோ கண்ணாடியை உடைத்தான். பாண்டியன் சாக்கடையைத் தாண்டிக் குதித்து எங்கோ போய்விட்டான். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் ஒரு பெட்டியோடு நிற்காது.

அந்த நேரம் என் மூளை என்ன சொன்னது என்பதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. முதலில், ஓடு என்றது. அப்புறம், பென்டிரைவ் மேல் பழியைப் போடு என்றது. மூன்றாவதாக ஒன்று சொன்னது, அதுதான் ரொம்ப நைச்சியமானது. சும்மா நில், எல்லோரும் ஆரோக்கியசாமிதான் என்று நினைக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும், அவர் சொல்லித்தானே எழுதினாய். மூன்றையும் நான் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். நான் யோக்கியன் இல்லை.

தடுத்தது என்ன என்று கேட்டால், ஜெயமேரி எழுந்து சாமியாரைப் பார்த்துக் கேட்ட கேள்விதான்.

"ஃபாதர், நீங்க சொல்லுங்க. இவரு போற எடத்துல கதவு திறக்குமா, திறக்காதா?"

கூட்டம் அடங்கியது. சாமியார் வயதானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியலம்மா. எனக்குத் திறக்குமான்னே எனக்குத் தெரியாது. ஜெபம் பண்ணலாம். அது ஒண்ணுதான் நமக்குக் கொடுத்திருக்கிற வேலை."

"ஒங்களுக்கே தெரியல. அப்ப இவங்களுக்கு யாரு சொன்னா?"

அந்த அம்மாளுக்குப் புருஷன் போன துக்கத்தைவிட அந்தக் கேள்விதான் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் சிரித்துவிட்டு மறந்ததை அவர் பத்து நாளாக ராத்திரி பகலாகச் சுமந்திருக்கிறார்.

ஆட்டோவிலிருந்து மைக்கை எடுத்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. நல்லதோ கெட்டதோ மைக்கில்தான் சொல்லிப் பழக்கம். "பெரியோர்களே" என்று ஆரம்பித்தேன்.

"அத அணைச்சுட்டுச் சொல்லு" என்றார் ஜெயமேரி.

அணைத்தேன். மைக் இல்லாமல் என் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? ஓட்டை டப்பா. முப்பது வருடம் கத்தித் தேய்ந்தது. அத்தனை பேருக்கு நடுவில் நின்று சொன்னேன். அந்த வரியை ஆரோக்கியசாமி எழுதச் சொல்லவில்லை, நறுக்கென்று ஒன்று கேட்டார், அவ்வளவுதான், சவரிமுத்து பெயரைச் சேர்த்தது நான், பென்டிரைவைக் கொடுத்தனுப்பியதும் நான், மோட்சத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, தெரிந்த மாதிரி பேசிவிட்டேன் என்று சொன்னேன்.

"என்ன சொல்றான்? கேக்கல!" என்று பின்னால் இருந்து ஒருவர் கத்தினார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மன்னிப்பை இரண்டு தடவை கேட்பது முதல் தடவையைவிடக் கஷ்டம். முதல் தடவை படபடப்பில் போய்விடும். இரண்டாம் தடவை ஒவ்வொரு சொல்லும் நம் காதிலேயே விழும். சொல்லி முடித்ததும் சீப்புக்காரர் ஒருவர் என் கன்னத்தில் ஒன்று வைத்தார். வாங்கிக்கொண்டேன். நியாயமான விலை.

ஜெயமேரி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருமுனையைப் பார்த்து, "அவன விடுங்க, வரட்டும்" என்றார். வழி விட்டார்கள். ஆரோக்கியசாமி தாம்பாளத்தோடு பந்தல் வாசலில் வந்து நின்றார். படி ஏறவில்லை.

"அவன் எழுதுனான், சரி. பத்து நாளு ஒன் பேரச் சொல்லித்தானடா ஓடுச்சு? நான் வந்து கேட்டப்ப நிறுத்துனியா?"

"இல்லக்கா."

"மாமா எங்க போயிருக்காருன்னு ஒனக்குத் தெரியுமா?"

ஆரோக்கியசாமி பெட்டியைப் பார்த்தார். தலைவர் வேட்பாளர். பின்னால் அவர் கட்சிக்காரர்கள், முன்னால் எதிர்க்கட்சிக்காரர்கள், மூணு நாளில் ஓட்டு. எந்த வேட்பாளரும் கூட்டத்துக்கு முன்னால் சொல்ல விரும்பாத ஒரு வார்த்தை இருக்கிறது.

"தெரியாதுக்கா."

"சத்தமா சொல்லு. அவனச் சொல்ல வச்ச மாதிரி எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

"எனக்குத் தெரியாது!" என்று கத்தினார். கத்தும்போதே உடைந்து அழுதுவிட்டார். "மாமா நல்லவருக்கா. நான்தான் வாய்க்கா தூர்வாராத விட்டேன்."

சம்பந்தமே இல்லாமல் அந்த வாய்க்காலை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் அந்தத் தேர்தலில் பூட்டு சாவித் தரப்பிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். அவர் பின்னால் நின்ற கட்சிக்காரர்கள் முகம் தொங்கிப்போனது.

 ஜெயமேரி பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து கொடுத்தார். ஆரோக்கியசாமி படியேறி வந்து, கோடியை அக்காள் தோளில் போர்த்தினார். பெண்கள் ஓவென்று அழுதார்கள். சாமியார் ஜெபத்தை ஆரம்பிக்க எழுந்தார்.

ஜெயமேரி புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டே, தம்பிக்கு மட்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். அமைதியில் பந்தல் முழுக்கக் கேட்டது.

"கோடிய வாங்கிக்கிட்டேன். ஓட்டு ஒனக்கில்ல."

"தெரியும்க்கா" என்றார் ஆரோக்கியசாமி. "பெட்டியத் தூக்க எனக்கு எடம் குடுப்பாங்களான்னு கேளு."

சீப்புக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் கன்னத்தில் வைத்தாரே, அவர்தான் முன்பக்கத்தில் ஒருவரை விலக்கி, "வா, இந்தப் பக்கம் பிடி" என்றார்.